முப்பத்தொரு சிவப்பு

நவம்பர் 18, செவ்வாய்

ரயில்வே தொழிற்சங்கத்தில் வருஷா வருஷம் டைரி கொடுக்கிறார்கள். மிளகாய்ப் பொடிக்கு அரைக்க வேண்டிய சாமான்கள் தவிர நான் அதில் எதுவும் எழுதியதில்லை. இன்றைக்கு எழுதுகிறேன் என்றால், வாயைத் திறந்து யாரிடமும் சொல்ல முடியாத நிலைமை.

காலையில் மௌலி கூப்பிட்டான். என் ஒரே பிள்ளை, கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். "அம்மா, எனக்கு இது வரலம்மா. இந்த செமஸ்டரோட நிறுத்திக்கறேன்" என்றான். காய்ச்சலா என்றேன். இல்லையாம். யாராவது ஏதாவது சொன்னார்களா என்றேன். இல்லையாம். காலேஜிலிருந்து விலக ஒரு படிவம் இருக்கிறதாம். அதில் அப்பா அல்லது அம்மா கையெழுத்து வேண்டுமாம். ஜனவரி ஐந்தாம் தேதி கடைசி நாளாம். எல்லாவற்றையும் விசாரித்து வைத்துக்கொண்டுதான் பேசுகிறான்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் மஞ்சள் மண்டியில் மேனேஜர். "வரட்டும் உடு புள்ள. மண்டிக்கு நம்பிக்கையான ஆளு ஒண்ணு வேணும்னு மொதலாளி கேட்டுட்டேதான் இருக்கறாரு" என்றார். முகத்தில் ஒரு பொட்டுக் கவலை இல்லை. எனக்கு வந்த கோபத்தில் தோசையைத் திருப்பவே இல்லை. ஒரு பக்கம் கருகியதை அப்படியே தட்டில் போட்டேன். அதையும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்.

நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

நவம்பர் 19, புதன்

அவன் ஏன் இப்படிப் பேசுகிறான் என்று எனக்குத் தெரியும். எனக்கு எப்படித் தெரியும் என்பதைத்தான் அவனிடம் சொல்ல முடியாது.

இவன் மாதிரிப் பிள்ளைகள் போட்டி போடுவதற்கென்று இணையத்தில் ஒரு தளம் இருக்கிறது. அதில் கணக்கு ஒன்று கொடுப்பார்கள். அதற்கு புரோகிராம் எழுதி அனுப்ப வேண்டும். அந்தப் பக்கத்து இயந்திரம் ஓட்டிப் பார்த்து, சரியென்றால் பச்சை காட்டும், தப்பென்றால் சிவப்பு. பதில் சரியாக இருந்தாலும் மெதுவாக வந்தால் அதற்கும் சிவப்புதான். யார், எத்தனை மணிக்கு, எந்தக் கணக்கை அனுப்பினார்கள், என்ன நிறம் விழுந்தது என்பதெல்லாம் ஊரறிய அங்கே கிடக்கும். என்னோடு வேலை செய்யும் ரெஜினா போன வருஷம் இதைப் போனில் காட்டினாள். அவள் அக்கா பெண்ணும் அதில் இருக்கிறாளாம்.

அன்றிலிருந்து காலையும் மாலையும் பார்க்கிறேன். இதை வேவு என்று யாரும் சொல்லக்கூடாது. பேப்பர் படிப்பது போலத்தான். காலை எட்டு ஐம்பதுக்கு ஒன்று அனுப்பியிருந்தால் மெஸ்ஸுக்குப் போகவில்லை என்று அர்த்தம். உடனே கூப்பிட்டு, "மொதல்ல சாப்பிட்டுட்டு வா சாமி" என்பேன். பெற்ற மனதுக்குத் தானாகத் தெரிகிறது என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். நினைக்கட்டும்.

விஷயம் இதுதான். அக்டோபர் பதினாலாம் தேதியிலிருந்து அவன் ஒரே கணக்கைத்தான் திரும்பத் திரும்ப அனுப்பியிருக்கிறான். முப்பத்தொரு தடவை. முப்பத்தொன்றும் சிவப்பு. அதற்குப் பிறகு ஒன்பது நாளாக எதுவுமே இல்லை. பிள்ளை மனசு விட்டுப் போய்விட்டான். அந்த ஒன்று மட்டும் பச்சையாகிவிட்டால் படிவத்தைக் கிழித்துப் போட்டுவிடுவான். இதற்கு ஜாதகம் பார்க்க வேண்டியதில்லை.

நேற்றுப் பேசும்போது பின்னால் ஒரே கொக்கும் வாத்துமாகச் சத்தம். ஹாஸ்டல் பக்கத்தில் சாக்கடை தேங்கிக் கிடக்கிறது போலிருக்கிறது. வார்டனுக்குப் போன் செய்ய வேண்டும்.

நவம்பர் 21, வெள்ளி

அந்தக் கணக்கைப் படித்தேன். படிக்க எனக்குத் தகுதி உண்டு. பி.எஸ்ஸி. கணிதம், 1998. எம்.எஸ்ஸி.க்கு ஃபாரம் வாங்கிப் பூர்த்தி செய்தும் வைத்திருந்தேன். ரயில்வே வேலை வந்தது, பின்னாலேயே கல்யாணமும் வந்தது. அது கிடக்கட்டும்.

கணக்கு இவ்வளவுதான். நீளமாக ஒரு வரி, பத்து லட்சம் எழுத்து வரை இருக்கலாம். சின்னதாக இன்னொரு வரி, அதுவும் லட்சக்கணக்கில் போகலாம். சின்ன வரி பெரிய வரிக்குள் எத்தனை இடத்தில் வருகிறது என்று சொல்ல வேண்டும்.

இதற்கா என் பிள்ளை காலேஜை விடுகிறான் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. சின்னதைப் பெரியதன் மேல் வைத்து ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பார். ஒத்துவரவில்லையா, ஒரு எழுத்து தள்ளி வைத்து மறுபடி முதலிலிருந்து பார். வேலை முடிந்தது. யார்டில் தினமும் நான் செய்வது வேறென்ன? கூட்ஸ் வண்டி உள்ளே வரும்போது பக்கத்தில் நின்று, கையில் இருக்கும் பட்டியலோடு வேகன் நம்பர்களைச் சரிபார்ப்பதுதான் என் உத்தியோகம். ஒவ்வொன்றும் பதினோரு இலக்கம். இருபத்தாறு வருஷமாகப் பார்க்கிறேன்.

நவம்பர் 24, திங்கள்

மௌலி வீட்டில் விட்டுப்போன பழைய லேப்டாப்பில் உட்கார்ந்தேன். மூன்று நாளாக யூட்யூபில் பாடம் கேட்டு புரோகிராம் எழுதப் பழகியிருக்கிறேன். அரைப்புள்ளி ஒன்றை மறந்தால் இந்த இயந்திரம் போடுகிற கூச்சலுக்கு என் மாமியார் தேவலாம்.

தளத்தில் சேரப் பெயர் கேட்டது. சாந்தாமணி என்று போட்டால் மானம் போய்விடும். 'பிரேக்வேன்' என்று போட்டேன். கூட்ஸ் வண்டியில் கடைசியாக வருகிற கார்டு பெட்டி. யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

அனுப்பினேன். சிவப்பு. நேரம் கடந்துவிட்டதாம். இரண்டு செகண்டுதான் கொடுப்பார்களாம். வண்டிகளை விரட்டுகிற எங்கள் கன்ட்ரோலர் கூட இவ்வளவு அவசரப்படுத்த மாட்டார். பேப்பரில் போட்டுப் பார்த்தேன். பெரிய வரி பத்து லட்சம், சின்னது ஐந்து லட்சம் என்றால் என் வழியில் இருபத்தைந்தாயிரம் கோடி முறை ஒத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஓகோ.

நவம்பர் 25, செவ்வாய்

ரசம் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. என்ன யோசனை என்று கேட்டார். கேஸ் சிலிண்டர் சரியில்லை என்றேன்.

நவம்பர் 28, வெள்ளி

மௌலி பேசினான். "அம்மா, ரயில்வேல யாராச்சும் பைனாகுலர் வெச்சிருக்காங்களா? ஒரு மாசத்துக்குத் தந்தாப் போதும்" என்றான். பாவம், கடைசி பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள் போல. போர்டு தெரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு சுற்றி வளைக்கிறான். கண் டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். சரி என்றான்.

படிவத்தைப் பற்றிக் கேட்டான். பார்க்கலாம் என்றேன். பார்ப்பதாவது.

இவர் மண்டியில் அவனுக்கென்று சுழல் நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டுவிட்டாராம். மெனக்கெட்டு அதைப் போட்டோ எடுத்து வந்து எனக்குக் காட்டுகிறார்.

டிசம்பர் 3, புதன்

இதுவரை பிரேக்வேனுக்கு ஒன்பது சிவப்பு. முதல் எழுத்து ஒத்தால்தான் மேலே பார்ப்பது என்று மாற்றினேன், சிவப்பு. கடைசி எழுத்தை முதலில் பார்ப்பது என்று மாற்றினேன், அதுவும் சிவப்பு. வரி முழுக்க ஒரே எழுத்தாகக் கொடுத்து மடக்குகிறார்கள். கணக்கு எழுதியவன் நல்ல வயிற்றெரிச்சல் பிடித்தவன்.

நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசம் நேற்று. சுத்தமாக மறந்துவிட்டேன். இவர் தனியாகப் போய் ஆளாளுக்குப் பதில் சொல்லி வந்திருக்கிறார். வந்ததும் வராததுமாக லேப்டாப் பக்கத்தில் நின்று, "படிக்கறது அவனா நீயா?" என்று கேட்டார்.

"எல்லாம் அவனுக்காகத்தானுங்க" என்றேன்.

"அவன் அதத் தொட்டே இருபது நாளாச்சுன்னு நீதான சொன்ன?"

மண்டியில் உட்கார்ந்து உட்கார்ந்து இந்தக் குறுக்குக் கேள்வி கேட்கும் பழக்கம் வந்துவிட்டது. வெந்நீர் போட எழுந்துபோனேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

இன்றைக்கு யார்டில் ஒன்று நடந்தது. முதலிலிருந்து எழுதுகிறேன்.

காலை டூட்டி. பழுதான வேகன்களைப் பட்டறைக்குக் கொண்டுபோகும் வண்டி ஒன்று பத்தரைக்கு உள்ளே வந்தது. மற்ற வண்டியில் எல்லாம் ஒரே ஜாதி வேகனாக இருக்கும். இதில் கலந்து கட்டி வரும், மூடி வேகன், திறந்த வேகன், டேங்கர் என்று. பட்டியல் வந்து சேரவில்லை. கன்ட்ரோலில் இருந்து போன். வண்டியில் எங்கோ ஆறு வேகன் வரிசையாக இருக்கிறது, அதை மட்டும் இங்கே கழற்ற வேண்டும், எத்தனையாவது வேகனிலிருந்து தொடங்குகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றார்கள். அடையாளம் இது: மூடி, மூடி, திறந்தது, மூடி, மூடி, டேங்கர்.

நானும் ரெஜினாவும் பக்கம் பக்கமாக நின்றோம். வண்டி ஆள் நடக்கிற வேகத்தில் ஊர்ந்து வந்தது. மொத்த எண்ணிக்கையை வாய் முணுமுணுக்க, அடையாளம் ஒத்துவர ஒத்துவர இடது கையில் விரலை மடக்கிக்கொண்டே போவது என் வழக்கம். இருபத்தெட்டாவது மூடி, ஒரு விரல். அடுத்தது மூடி, இரண்டு. திறந்தது, மூன்று. மூடி, நான்கு. மூடி, ஐந்து. டேங்கர் வந்தால் முடிந்தது. வந்ததோ திறந்த வேகன்.

"சே, போச்சு" என்று ரெஜினா கையை உதறிவிட்டு அடுத்த வேகனிலிருந்து ஒன்று என்று தொடங்கினாள். மூடி, மூடி, டேங்கர். இதுவும் இல்லை என்று அதையும் விட்டுவிட்டாள்.

நான் விடவில்லை. "முப்பத்தொண்ணுல ஆரம்பம்" என்றேன். போனிலும் சொல்லிவிட்டேன்.

"எப்படிக்கா? நானும்தான பார்த்துட்டு நின்னேன்?"

எனக்கே தெரியவில்லை. வண்டி நின்றதும் நடந்துபோய்ப் பார்த்தோம். முப்பத்தொன்று மூடி, முப்பத்திரண்டு மூடி, முப்பத்துமூன்று திறந்தது, பிறகு இரண்டு மூடி, முப்பத்தாறு டேங்கர். சரியாக இருந்தது. என் இடது கையைப் பார்த்தேன். ஐந்தில் தவறியபோது நான் எல்லா விரலையும் திறக்கவில்லை. இரண்டு விரலை மடக்கியபடியே வைத்திருக்கிறேன். ஏனென்றால் கடைசியாக வந்த இரண்டும் மூடி, மூடி. அவைதான் அடுத்த வரிசையின் தொடக்கமாக இருக்கலாம். வந்த திறந்த வேகன் அங்கே மூன்றாவதாக உட்கார்ந்துகொண்டது. அங்கிருந்து நான்கு, ஐந்து, ஆறு.

முதலிலிருந்து பார்ப்பதற்கு ஓடுகிற வண்டி பின்னால் வராது. பார்த்ததில் எது இன்னும் உதவும் என்று கைக்குத் தெரிந்திருக்கிறது. இருபத்தாறு வருஷமாகத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

"ரெஜினா, என்ற கைக்குத் தெரிஞ்ச கணக்க நான் இன்னைக்குத்தான் கத்துக்கிட்டேன்" என்றேன். அவள் எனக்கு வெயில் தாக்கிவிட்டதென்று மோர் வாங்கி வந்தாள்.

டிசம்பர் 10, புதன்

விடுப்பு. ஒரு பட்டியல் போட்டுக்கொண்டால் போதும். சின்ன வரியை அதோடேயே ஒத்துப் பார்த்து, இத்தனை விரல் மடக்கியிருக்கும்போது தவறினால் இத்தனை விரலை மடக்கியபடியே விட்டு மீதியைத் திற என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளலாம். பிறகு பெரிய வரியை ஒரே ஒரு முறை ஓடவிட்டால் போதும். பின்னால் போகவே வேண்டாம். இருபத்தைந்தாயிரம் கோடி எங்கே, இருபது முப்பது லட்சம் எங்கே.

மத்தியானம் மூன்று மணிக்கு அனுப்பினேன். சிவப்பு.

ஆனால் இந்தத் தடவை நேரம் கடக்கவில்லை. தப்பான விடையாம். நான் எழுதியது தப்பென்று சொல்ல இது யார்? ஆறு தடவை சரிபார்த்தேன். மூன்று எழுத்தும் ஒரே எழுத்தாக உள்ள வரியில் அதே எழுத்து இரண்டு கொண்ட வரி எத்தனை தடவை வருகிறது என்று அவர்களே ஒரு உதாரணம் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு என்கிறார்கள். என் புரோகிராம் ஒன்று என்கிறது. ஒன்றுதானே சரி? முதல் இரண்டும் ஒரு ஜோடி, மீதி ஒற்றை. அச்சுப்பிழை.

டிசம்பர் 11, வியாழன்

அச்சுப்பிழை இல்லை. ரெஜினாவின் அக்கா பெண்ணிடம் வேறு யாருக்கோ கேட்பது போலக் கேட்கச் சொன்னேன். முதலும் நடுவும் ஒரு ஜோடி, நடுவும் கடைசியும் இன்னொரு ஜோடியாம். நடுவில் இருப்பது இரண்டிலும் சேர்த்தியாம்.

எனக்குக் கோபம் அடங்கவில்லை. ஒரு வேகன் எப்படி இரண்டு வரிசையில் இருக்க முடியும்? ஒரு வண்டியில் சேர்த்துவிட்டால் அதோடு தீர்ந்தது. மறுபடி இன்னொன்றில் சேர்த்து எழுதினால் எனக்கு மெமோ கொடுப்பார்கள். இது தெரியாதவர்கள்தான் கணக்கு எழுதுகிறார்கள்.

சாயங்காலம் மாமியாரும் நானும் ஒரே சமயத்தில் இவரைக் கூப்பிட்டோம். மாமியாருக்கு ஊசி மாத்திரை வாங்க, எனக்குத் தேங்காய் உடைக்க. இவர் நடுக்கூடத்தில் நின்று இரண்டு பக்கமும் "தா வந்துட்டேன்" என்றார். அந்தக் கணக்கில் நடுவில் நிற்கிற எழுத்தைப் பார்த்தது போலிருந்தது.

டிசம்பர் 12, வெள்ளி

பச்சை.

முழுதாக ஒத்துவந்த பிறகும் எல்லா விரலையும் திறந்துவிடக் கூடாது. அங்கேயும் பட்டியலைப் பார்த்து மிச்சத்தை மடக்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு வரிதான் மாற்றினேன். டூட்டி முடிந்து வந்து மூன்று இருபதுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரம் சாம்பலாக இருந்தது. பிறகு பச்சையானது.

என்ன செய்தேன் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. வாசலுக்கு ஓடினேன். திரும்ப உள்ளே ஓடிப் பார்த்தேன். பச்சையாகவே இருந்தது. கண்ணாடியில் முகம் பார்த்தேன், இருபது வயசுக்காரி மாதிரி இளித்துக்கொண்டிருந்தது. கேசரி கிளறி நான்கு வீட்டுக்குக் கொடுத்தேன். என்ன விசேஷம் என்று கேட்டார்கள். வீட்டுக்காரருக்குப் பிறந்தநாள் என்றேன்.

சாயங்காலம் இவர் வந்ததும் எதிர்வீட்டுக்காரர் கையைப் பிடித்து வாழ்த்தியிருக்கிறார். "என்ற பொறந்தநாள் சித்திரைல, சாந்தா" என்றார். பேசாமல் கேசரி சாப்பிடச் சொன்னேன்.

எல்லாம் பிள்ளைக்காகத்தான்.

டிசம்பர் 13, சனி

மௌலியைக் கூப்பிட்டேன். அலுவலகக் கதை போல வண்டிக் கதையைச் சொன்னேன். ஐந்து விரல், இரண்டு விரல் எல்லாம் சொன்னேன். ரெஜினா கையை உதறியதை இரண்டு தடவை சொன்னேன். வண்டி பின்னால் வராது என்பதை மூன்று தடவை சொன்னேன்.

"ம்ம்" என்றான்.

"புரிஞ்சுதா சாமி?"

"புரிஞ்சுதும்மா. நல்லாப் புரிஞ்சுது."

பின்னால் இன்னும் அந்த வாத்துச் சத்தம். வார்டன் போனை எடுப்பதே இல்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

அவனுக்கும் பச்சை. ராத்திரி பன்னிரண்டு மணி ஏழு நிமிஷத்துக்கு. முப்பத்திரண்டாவது தடவை. ஒரே மூச்சில் எழுதியிருக்கிறான்.

சாமிக்கு விளக்கு வைத்தேன். இனிப் படிவம் பேச்சு வராது. நாற்காலியைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னேன். "அவன் இன்னும் ஒண்ணும் சொல்லலியே" என்றார். எதற்கு அவசரப்படுகிறாள் என்பது போல ஒரு பார்வை வேறு.

டிசம்பர் 17, புதன்

ஒன்றும் சொல்லவில்லை.

டிசம்பர் 20, சனி

இன்று வந்தான். முகம் கறுத்து, கால் முழுக்கச் சேறும் கீறலும். கையில் படிவம், மேலே எல்லாம் பூர்த்தி செய்து, கையெழுத்து இடம் மட்டும் காலியாக.

அவர் மண்டிக்குப் போயிருந்தார். சாப்பாடு போட்டேன். மூன்றாவது தடவை குழம்பு ஊற்றும்போது, "பிரேக்வேன் நீதானம்மா?" என்றான்.

கரண்டி கையிலேயே நின்றது. யாரு, என்ன வேன் என்றேன்.

"நான் விட்ட அதே கணக்க அனுப்பற, ஊருன்னு கேட்ட எடத்துல ஈரோடுன்னு போட்டிருக்கற. ஒரு வாரம் ரெண்டு மணிக்கு மேலதான் அனுப்புவ. அடுத்த வாரம் காலைல அனுப்புவ. உனக்கு எந்த வாரம் எந்த ஷிப்டுன்னு எனக்குத் தெரியாதா? ரெண்டாவது வாரமே தெரிஞ்சுபோச்சு. தினமும் பார்த்துட்டுத்தான் இருந்தேன்."

"பெத்த தாய வேவு பார்க்கறயாடா நீ?" என்றேன். கேட்டு முடிக்கும் முன்பே எனக்கு விளங்கிவிட்டது. அவன் பாதிச் சோற்றோடு குனிந்து சிரித்துக்கொண்டிருந்தான். எனக்கும் வந்துவிட்டது. நானும் அவனும் அப்படிச் சிரித்து இரண்டு வருஷம் இருக்கும்.

பிறகு சொன்னான். அது சாக்கடை இல்லை, உக்கடம் குளம். மனசு விட்டுப் போனதாக நான் நினைத்த நாளெல்லாம் அவன் விடிகாலையில் அங்கே போய்ப் பறவை எண்ணியிருக்கிறான். அதற்கென்று ஒரு குழு இருக்கிறதாம். முதலில் ஒரு நண்பனோடு சும்மா போனானாம். இப்போது சிறகைப் பார்த்தே பேர் சொல்வானாம். ஜூனில் விலங்கியல் சேர வேண்டுமாம். அதுவரை இங்கே பக்கத்தில் வெள்ளோடு பறவைகள் சரணாலயத்தில் தன்னார்வலராக எண்ணப் போகிறானாம்.

"கணக்குத்தான் பச்சையாயிருச்சேடா" என்றேன். கெஞ்சினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

"ஆச்சும்மா. பச்சை விழுந்தப்ப எனக்கு ஒண்ணுமே தோணல. அப்பாடா, இத இனிப் பார்க்க வேண்டாம்னுதான் இருந்துது. உனக்கு விழுந்தப்ப என்ன பண்ணுன?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "கேசரி கிண்டுனேன்" என்றேன்.

மோர் ஊற்றச் சொன்னான்.

டிசம்பர் 22, திங்கள்

அவருக்குத் தெரிந்துவிட்டது. மண்டிக்கும் வரவில்லை என்றதும் ஆடிப்போய்விட்டார். "குருவி எண்றதுக்கு மூணு வருசம் படிப்பா? அது பாட்டுக்கு வருது, போவுது. எண்ணி யாருகிட்டக் குடுக்கப் போற?" என்றார். மௌலி பொறுமையாகப் பதில் சொன்னான். இவர் சுழல் நாற்காலி போட்டோவை எடுத்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். முதன்முதலாக அவர் மேல் எனக்குப் பாவமாக இருந்தது. இரண்டு பேரும் ஆளுக்கொரு நாற்காலி வாங்கி வைத்திருக்கிறோம். அவருடையது மட்டும்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

கையெழுத்துப் போடவில்லை. யோசிக்கிறேன் என்றேன்.

ஜனவரி 1, வியாழன்

புது டைரி வந்தது. இதையே தொடர்கிறேன், பின்பக்கம் நிறைய இருக்கிறது. இரண்டு நாளாகப் புதுக் கணக்கு ஒன்று பார்க்கிறேன். இதில் சின்ன வரி ஒன்றல்ல, ஆயிரம். இதற்கும் மௌலிக்கும் சம்பந்தமில்லை. யாரும் கேட்காமலேயே இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஜனவரி 3, சனி

வெள்ளோடுக்குக் கூட்டிப்போனான். வர மாட்டேன் என்று நேற்று முழுக்கச் சொல்லிவிட்டுக் காலையில் நான்தான் முதலில் கிளம்பி நின்றேன்.

ஏரிக்கரையில் நின்றோம். எங்கிருந்தோ இரவல் வாங்கிய பைனாகுலர் அவன் கழுத்தில். வானத்தில் ஒரு கூட்டம் திரும்பி வந்தது. எனக்கு வெறும் புள்ளிகள். அவன் வாய் முணுமுணுத்தது. "நூத்தி நாப்பது, கூடப் பத்து இருக்கலாம். நடுவுல நாலு வேற ஜாதி" என்றான். எனக்குச் சொல்லவில்லை. தனக்கே சொல்லிக்கொண்டான். என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மறந்துபோயிருந்தான். ஐந்து வயசில் தொட்டித் தண்ணீரில் விளையாடும்போது இருந்த முகம் அது. கம்ப்யூட்டர் முன்னால் ஒருநாளும் நான் அந்த முகத்தைப் பார்த்ததில்லை. முப்பத்தொரு சிவப்பையும் நேரத்தோடு பார்த்து வைத்திருந்தேன். முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்கு அழுகை வந்தது. தூசி என்றேன். அவன் நம்பினான், அல்லது நம்பியது போல விட்டுவிட்டான்.

ஜனவரி 5, திங்கள்

கோயமுத்தூர் போனோம். அவர் வரவில்லை. ஆனால் ரயிலுக்குப் புளிசாதம் அவரே கட்டிக் கொடுத்தார். கட்டியதில் பாதி ஒழுகியது.

ரயிலில் படிவத்தை வாங்கிப் படித்தேன். 'விலகுவதற்கான காரணம்' என்ற இடத்தில் மௌலி 'படிப்பில் ஆர்வமின்மை' என்று எழுதியிருந்தான். பார்த்துக்கொண்டே வந்தேன். பிளஸ் டூ முடிந்ததும் அவன் என்ன படிக்கலாம் என்று என்னிடம் கேட்கவில்லை. நான்தான் சொன்னேன். ஃபாரத்தை நான்தான் நிரப்பினேன். கணக்கு சம்பந்தப்பட்ட படிப்பாக இருக்கட்டும் என்றேன். எல்லாம் அவனுக்காக என்று இந்த நோட்டில் எத்தனை இடத்தில் எழுதியிருக்கிறேன் என்று எண்ணினால் வெட்கக்கேடு. எனக்குத்தான் அந்தக் கணக்கு வேண்டியிருந்தது. நான் போக முடியாத இடத்துக்கு என் பிள்ளையை அனுப்பிவிட்டு, அங்கே என்ன நடக்கிறது என்று காலையும் மாலையும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அலுவலகத்தில் பேனா கேட்டு வாங்கி அவன் எழுதியதை அடித்தேன். பக்கத்தில் 'இந்தப் படிப்பில் சேர விரும்பியவர் தாயார். மாணவர் அல்ல' என்று எழுதி, கீழே சாந்தாமணி என்று கையெழுத்துப் போட்டேன்.

கிளார்க் படித்துவிட்டு மேலே பார்த்தார். "அம்மா, இப்படியெல்லாம் எழுதக் கூடாதுங்க. சொந்தக் காரணம்னு போடுங்க. எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க."

"எல்லாரும் போடட்டுங்க. எங்க காரணம் இதுதான்."

"மேல கேட்டா நான் என்ன சொல்றது?"

"விசாரிச்சுட்டேன், உண்மைதான்னு சொல்லுங்க" என்றேன்.

மௌலி பக்கத்தில் நின்று அந்த வரியைப் படித்தான். என் தோளில் இருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டான். கிளார்க் கொஞ்ச நேரம் படிவத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ரப்பர் ஸ்டாம்பை எடுத்து அந்த வரிக்குக் கீழே குத்தினார்.